பனை ஓலை தரும் வரை

ஓலையில் எழுதி, ஓலையில் படித்து, ஓலையிலேயே பொய்யும் சொல்லி மனிதர்கள் வாழ்ந்த காலத்தில் வரகுநாடு என்றொரு நாடு இருந்தது. பெயருக்கேற்ற நாடுதான். நெல் விளையாது, வரகு விளையும். மழை தவறினால் அதுவும் விளையாது. அந்த நாட்டைக் கொற்றவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. யாராவது புகழ்ந்தால் உருகிவிடுவான், யாராவது ஏசினால் தூக்கம் கெட்டுவிடுவான், அவ்வளவுதான். ஆனால் கேட்பவர்களே, ஓர் அரசனுக்கு இந்த இரண்டு குணமும் சேர்ந்து வாய்த்தால் போதும், அவனைச் சுற்றி அயோக்கியர்கள் தாமாக முளைப்பார்கள்.

அவன் காலத்தில் எவனோ ஒருவன் அரசனுடைய தொப்பையைப் பற்றி ஒரு வசைப்பாட்டு எழுதிவிட்டான். ஒருவன் ஓலையைப் பார்த்து இன்னொருவன் எழுத, அவனைப் பார்த்து மற்றொருவன் எழுத, பாட்டு சந்தைக்குச் சந்தை பரவியது. வண்டி ஓட்டியவன் பாடினான், தண்ணீர்க் குடம் சுமந்தவள் பாடினாள், கடைசியில் அரண்மனைச் சமையலறையிலேயே பாடினார்கள். அரசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சீவலன் வந்தான். தலைநகரில் கூலிக்கு ஏடெழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் தலைவன் அவன். பனையோலையை அவித்து, உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி, கட்டாகக் கட்டிக் கொடுப்பது அந்தக் கூட்டத்தின் தொழில். தங்களுக்கு ஏட்டுச் சபை என்று பெயரும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை நூல்கள் கை வழியே போயும், சீவலன் சொந்தமாக ஒரு வரி யோசித்தவனில்லை. மற்றவர்கள் யோசித்ததை எப்படித் தன் வீட்டுக்குள் கொண்டுவருவது என்பதை மட்டும் நன்றாக யோசித்திருந்தான்.

அரசனிடம் அவன் சொன்னது இதுதான். இனிமேல் இந்த நாட்டில் எந்த நூலையும் சபை மட்டும்தான் படியெடுக்க வேண்டும். படியெடுக்க வேறு யாரும் எழுத்தாணியைத் தொடக் கூடாது. அதற்குக் கைமாறாக, ஒவ்வொரு நூலையும் சபை முதலில் அரசர் பாதத்தில் வைக்கும். பிடிக்காத பாட்டு இருந்தால் அந்த ஏட்டை அங்கேயே உருவி அடுப்பில் போட்டுவிடலாம். தொப்பையைப் பற்றி இனி எவன் எழுத முடியும்?

அரசன் அந்தப் பேச்சில் அப்படியே விழுந்துவிட்டான். முத்திரை போட்டுக் கொடுத்தான். "நூல்களைக் காக்கும் பொருட்டு" என்று கல்லிலும் வெட்டிவைத்தான். காக்கும் பொருட்டாம். எதிலிருந்து காப்பது, யாருக்காகக் காப்பது என்று அந்தக் கல்லில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஏடெழுதுகிறவர்கள் இடது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து, அதில் சின்னதாக ஒரு வெட்டு வைத்திருப்பார்கள். எழுத்தாணி அந்த வெட்டில் உட்கார்ந்துதான் ஓடும். சபையில் சேராதவன் விரலில் அப்படி ஒரு நகம் தென்பட்டால், சபை ஆட்கள் வந்து ஒட்ட வெட்டிவிட்டுப் போனார்கள். சதையோடு சேர்த்து வெட்டினாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

இது நடந்துகொண்டிருந்தபோது, நாட்டின் தென்கோடியில், காட்டை ஒட்டிய ஊரொன்றில் வேம்பி என்ற பெண் ஒரு நூலை முடித்துக்கொண்டிருந்தாள்.

வேம்பி பெரிய வீட்டுப் பெண்ணில்லை. பஞ்சத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். வீட்டில் தானியம் இல்லாதபோது காட்டில் இத்தனை கிழங்கும் கீரையும் கிடக்கிறதே, எதைத் தின்றால் பிழைப்போம், எதைத் தின்றால் சாவோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லையே என்ற ஆத்திரம் அவளுக்கு. அந்த ஆத்திரம்தான் அவளைக் காட்டுக்குள் தள்ளியது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆடு மேய்ப்பவர்களிடம் விசாரித்தாள். பன்றி எதைத் தோண்டுகிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்த்தாள். அப்புறம் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தாள். சிலது வாய் வீங்கவைத்தது. சிலது வாந்தியெடுக்கவைத்தது. ஏதோ ஒரு கிழங்கு அவள் நாக்கின் ஒரு பாதியை நிரந்தரமாகச் சாகடித்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவளுக்கு உப்பும் தெரியாது, சூடும் தெரியாது.

இப்படிக் கண்டதையெல்லாம் யாருக்கும் புரியும்படி எளிய பாட்டாகக் கட்டினாள். "பஞ்சந்தாங்கி" என்று அதற்குப் பெயர் வைத்தாள். சட்டப்படி அதைச் சுமந்துகொண்டு தலைநகரம் போய், சபையில் கொடுத்தாள்.

சபை அவளுக்கு ஒரு புடவையும் ஒரு படி அரிசியும் கொடுத்தது. அவள் கையால் எழுதிய மூல ஏட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நூலின் முதல் படியை எழுதும்போது தான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று வேம்பி கேட்டாள். அது சபை வழக்கமில்லை என்று சொல்லி வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் ஒருவர் உரக்கப் படிப்பார், ஒருவர் எழுதுவார், இன்னொருவர் எழுதியதை மூலத்தோடு ஒப்பிடுவார். சபைக்கு முத்திரை கிடைத்த பிறகு படிப்பவரையும் நிறுத்திவிட்டார்கள், ஒப்பிடுபவரையும் நிறுத்திவிட்டார்கள். வாங்குகிறவனுக்கு வேறு கடை கிடையாது என்றால் சரிபார்க்க யாருக்குத் தலையெழுத்து? எழுதுகிறவன் தனியாக உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, கையால் கீறித் தள்ளினான். ஒரு கட்டுக்கு ஒரு பசுவின் விலை வைத்தார்கள். பசி பற்றிய நூலைப் பசித்தவன் வாங்க முடியாத விலைக்கு விற்ற பாவிகள் அவர்கள்.

மறுபடியும் மழை பொய்த்தது. ஆலங்குழி என்ற ஊரில் எல்லோரும் சேர்ந்து, மிச்சமிருந்த ஒரே பசுவை விற்று, "பஞ்சந்தாங்கி"யை வாங்கினார்கள். அதைப் படித்து, பேய்வள்ளிக் கிழங்கைத் தோண்டி, நூலில் சொன்னபடியே சமைத்துச் சாப்பிட்டார்கள். விடிவதற்குள் தெருவுக்கு ஒரு வீட்டில் பிணம் கிடந்தது.

அந்த ஊர் இருளப்பன் வேம்பியைத் தேடிக்கொண்டு வந்தான். அவனுடைய பெண்டாட்டியும் செத்திருந்தாள், பெண் குழந்தையும் செத்திருந்தது. வாசலில் நின்று ஏட்டுக் கட்டை அவள் காலடியில் வீசினான்.

"உம் பேருதான போட்டிருக்கு? படி. எம் புள்ள எப்பிடிச் செத்துச்சின்னு நீயே படி."

வேம்பி எடுத்துப் படித்தாள். பேய்வள்ளிப் பாட்டு வந்ததும் அதை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

அவள் எழுதியிருந்தது வேறு. பேய்வள்ளியை முதலில் புளியிலை போட்டு வேகவைத்து நீரைக் கொட்ட வேண்டும். பிறகு சாம்பல் போட்டு வேகவைத்து நீரைக் கொட்ட வேண்டும். பிறகு உப்புப் போட்டு வேகவைத்து நீரைக் கொட்ட வேண்டும். அதன் பிறகே சாப்பிடலாம். மூன்று வரியும் "வேகவைத்து நீரைக் கொட்டு" என்றே முடிந்தன. எழுதியவன் முதல் வரியை எழுதிவிட்டுத் தலைநிமிர்ந்து பார்த்தபோது, கண் மூன்றாவது வரியின் முடிவில் போய் உட்கார்ந்துவிட்டது. நடுவில் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஒரு தடவை வேகவைத்து, நீரைக் கொட்டி, சாப்பிடு என்று ஏடு சொன்னது.

தன் பெயரால் கொலை நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் அழவில்லை. இருளப்பனை உட்காரவைத்து, விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் நம்பினானோ இல்லையோ, அவளோடு தலைநகரத்துக்கு நடந்தான்.

சபையில் சீவலன் அவள் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினான். விற்ற கட்டுகளைத் திரும்ப வாங்கித் திருத்த முடியாதாம். திருத்தினால் தப்பை ஒத்துக்கொண்டது போல் ஆகுமாம். அரச முத்திரை விழுந்த ஏட்டில் பிழை இருக்கிறது என்று சொல்வது அரசரையே குறைசொல்வதாம். கிழங்கு தின்றவர்கள் வேறு ஏதாவது வியாதியில் செத்திருக்கலாம் என்றும் சொன்னான். இருளப்பன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான்.

மூல ஏட்டையாவது கொடு, நானே எழுதிக்கொள்கிறேன் என்றாள் வேம்பி. அதுவும் சபைச் சொத்து என்றான் சீவலன்.

வேம்பிக்கு நூல் முழுவதும் மனப்பாடம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பேய்வள்ளிப் பாட்டை மட்டும் சரியாக எழுதி, சந்தையில் போவோர் வருவோர் கையிலெல்லாம் திணித்தாள். யாரிடமும் காசு வாங்கவில்லை. ஓலை கொண்டுவந்தவர்களுக்கு உடனே எழுதிக் கொடுத்தாள். சபை ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். நகத்தை வெட்டினார்கள். எழுத்தாணியை ஒடித்தார்கள். திருட்டுக் குற்றம் சாட்டி அரசன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

எதைத் திருடினாள்? தான் எழுதிய பாட்டைத் தானே எழுதினாள். அதற்குப் பெயர் அந்த நாட்டில் திருட்டு. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரசவையில் சீவலன் பட்டுடுத்தி நின்றான். குரலில் தேன் ஒழுகியது.

"அரசே, இந்த அம்மாள் ஏதோ நாலு பாட்டுச் சொல்லியிருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஓலை எங்களுடையது. மை எங்களுடையது. எழுத்தாணி எங்களுடையது. இதில் இவளுடையது என்ன இருக்கிறது?"

அரசன் வேம்பியைப் பார்த்து, உன்னுடையது என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"என் நாக்கு, ராசா," என்றாள் வேம்பி.

நாக்கை நீட்டிக் காட்டினாள். ஒரு பாதி சிவந்திருந்தது. ஒரு பாதி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அவையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு அவள் இருளப்பனைக் கூப்பிட்டாள். அவன் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சபை விற்ற ஏட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல், பேய்வள்ளியைச் சமைத்து அதில் வைத்திருந்தான்.

"முத்திர போட்ட ஏட்டுல தப்பே வராதுன்னு அவரு சொல்றாரு. அப்ப அவரு ஒரு வாய் தின்னட்டும். அப்பறம் என் தலைய எடுங்க," என்றாள் வேம்பி.

சாப்பிடு என்றான் அரசன். இன்றைக்கு விரதம் என்றான் சீவலன். விரதத்துக்குக் கிழங்கு ஆகும், சாப்பிடு என்றான் அரசன். வயிறு சரியில்லை என்றான் சீவலன். ஒரே ஒரு துண்டு, சாப்பிடு என்றான் அரசன் மூன்றாவது தடவையாக. சீவலன் சட்டியை விட்டு இரண்டடி பின்வாங்கினான்.

அரசனுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் தொப்பையைப் பற்றிய பாட்டை அடக்குவதற்காகத் தான் கொடுத்த முத்திரை, ஆலங்குழியில் தெருத் தெருவாகப் பிணம் விழவைத்திருக்கிறது. அவன் எழுந்து நின்று, சபையின் முத்திரையைத் திரும்ப வாங்கினான். நூல்கள் முதலில் தன் பார்வைக்கு வர வேண்டும் என்ற ஆணையையும் நீக்கினான். தொப்பைப் பாட்டை இனி யார் வேண்டுமானாலும் பாடிக்கொள்ளலாம் என்று கசப்போடு சொன்னான். இனிமேல் நூலைப் படியெடுக்கும் உரிமை அதை ஆக்கியவருக்கே என்றான்.

இத்தோடு கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். சீவலன் போன்ற ஆட்கள் அவ்வளவு சுலபமாகத் தோற்பதில்லை. ஒரு கதவை மூடினால், அடுத்த கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நம்மையே உள்ளே அழைப்பார்கள்.

சீவலன் நெடுஞ்சாண்கிடையாக அரசன் காலில் விழுந்தான். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. தனக்குப் புத்தி வந்துவிட்டது என்றான். ஆக்கியவருக்கே உரிமை என்பதுதான் நீதி என்றான். அரசர் இத்தனை பெரிய நீதியைச் செய்துவிட்டு அதில் ஏன் குறை வைக்க வேண்டும்? இந்தத் தாய்க்கு உரிமையை என்றைக்குமாகக் கொடுங்கள் என்றான். இவளுக்கும், இவள் பிள்ளைகளுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும், சூரியனும் சந்திரனும் உள்ள வரைக்கும். யாருக்கு விருப்பமோ அவருக்கு அதை விற்றுக்கொள்ளவும் இவளுக்கு அதிகாரம் கொடுங்கள்.

அவை முழுவதும் தலையசைத்தது. அரசனுக்கும் கண் கலங்கியது. வேம்பிக்கே ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வாழ்நாளில் யாரும் அவளுக்கு எதையும் என்றைக்குமாகக் கொடுத்ததில்லை.

அந்தக் குளிர்ச்சிதான் அவளைச் சுதாரிக்கவைத்தது. நேற்று வரை நகத்தை வெட்டியவன் இன்றைக்கு ஏன் எனக்காக அழுகிறான் என்று யோசித்தாள். நூல் எழுதுகிறவர்கள் யார்? அவளைப் போன்றவர்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர்கள். ஒரு மூட்டை அரிசியைக் காட்டினால் உரிமையை விற்றுவிடுவார்கள். வாங்குவதற்கு நாட்டில் யாரிடம் அரிசி இருக்கிறது? சீவலனிடம். ஆக்கியவளுக்கு என்றைக்கும் என்று கொடுத்தால், நாளைக்கே அது சீவலனுக்கு என்றைக்கும் என்று ஆகிவிடும். முத்திரை ஒன்றுதான் இருக்காது. மற்றதெல்லாம் பழையபடி நடக்கும், அதுவும் அவள் பெயரைச் சொல்லியே நடக்கும்.

தன்னை வைத்தே தன் கழுத்தை அறுக்கப் பார்க்கிறான் என்று தெரிந்தபோது, அவளுக்கு வந்த கோபம் ஆலங்குழி ஏட்டைப் படித்தபோதுகூட வரவில்லை.

"எனக்கு என்னைக்கும் வேணாம் ராசா," என்றாள்.

அரசனுக்குப் புரியவில்லை. கொடுப்பதை யாராவது வேண்டாம் என்பார்களா என்று கேட்டான்.

"நான் தின்னு பாத்தேன், எழுதினேன், அது நெசம். அதுக்கு நான் வயிறாரச் சோறு திங்கணும். அடுத்த நூல் எழுதத் தெம்பு வேணும். என்னக் கேக்காம எவனும் அத அறுத்துக் கொதறக் கூடாது. ஆனா எந்தக் கெழங்குன்னு எனக்குக் காட்டினது ஆடு மேய்க்கிறவுக. அவுக எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அத நான் பூட்டிவச்சு, எம் பேரம் பேத்தி பூட்டிவச்சு, அப்பறம் இவரு வாங்கிப் பூட்டிவச்சா, ஆலங்குழியில செத்தவுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எவ்வளவு காலம் வேண்டும் என்று அரசன் கேட்டான். வேம்பி ஒரு பனங்கொட்டையை ஊன்றச் சொன்னாள். எழுதுவதற்குத் தகுந்த குருத்தோலையை அந்தப் பனை தருகிற வரைக்கும் நூல் ஆக்கியவருடையது. அது ஓலை தந்த நாளிலிருந்து நூல் நாட்டினுடையது. யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது.

பனை சட்டென்று வளர்கிற மரமில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மனிதப் பிள்ளை வளர்ந்து ஆளாகிற காலம் அதற்கும் ஆகும். ஆக்கியவர் வயிறு நிறைய அது போதும். ஆனால் பனை என்றைக்காவது ஒருநாள் ஓலை தந்தே தீரும்.

அரசன் ஒத்துக்கொண்டான். உரிமையை விற்றுக்கொள்ளும் அதிகாரத்தை மட்டும் சீவலன் கேட்டபடியே விட்டுவைத்தான். அரண்மனைக்குப் பின்னால் இருந்த மேட்டில் முதல் கொட்டையை வேம்பிக்காக ஊன்றினார்கள். அதன் பிறகு நாட்டில் எந்த நூல் பிறந்தாலும் அங்கே ஒரு கொட்டை ஊன்றினார்கள். மேடு மெல்ல மெல்லத் தோப்பானது.

வேம்பி ஊர் ஊராகப் போனாள். நூலின் படி வேண்டியவர்கள் ஒரு படி வரகு கொடுத்தார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் எழுதியதை வரிவரியாகச் சரிபார்த்துக் கொடுத்தாள். அவள் பார்த்த எந்த ஏட்டாலும் யாரும் சாகவில்லை. அவள் வீட்டில் அடுப்பு அணையாமல் எரிந்தது. மூலிகைகளைப் பற்றி இரண்டாவது நூலும் எழுதினாள். அந்த உரிமை இல்லாமல் இருந்திருந்தால் அவள் கூலி வேலைக்குத்தான் போயிருப்பாள்.

ஆனால் ஒரு பெண்ணால் எத்தனை ஊருக்கு நடக்க முடியும்? வயது ஏற ஏறக் கால் ஓய்ந்தது. படி கேட்டு வந்தவர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். சிலர் காத்திருந்து திரும்பிப் போனார்கள். கோபக்காரிதான், ஆனால் கண்ணில்லாதவளில்லை. தானே ஒரு பூட்டாகிக்கொண்டு வருவதை அவள் பார்த்தாள்.

இதற்கிடையில் சீவலன் சும்மா இருக்கவில்லை. அவள் நினைத்தபடியே, ஒன்றுமில்லாத புலவர்களையும் வைத்தியர்களையும் தேடிப் போய், அரிசியைக் கொடுத்து அவர்கள் உரிமையை வாங்கிக் குவித்திருந்தான். தோப்பில் பாதி மரம் அவனுடையது. எல்லா மரத்துக்கும் முதலாவதாக, வேம்பியின் வடலி, அந்த இளம்பனை, நிமிர்ந்து எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஓலை வெட்டிவிட்டால் மற்றதிலும் வரிசையாக வெட்டுவார்கள்.

பஞ்சம் மறுபடியும் தலைகாட்டிய வருஷம், ஓலை வெட்டுவதைத் தள்ளிப்போடச் சம்மதம் கேட்டு அவன் வேம்பியைத் தேடி வந்தான். முதல் தடவை நெல்மூட்டையோடு வந்தான். அவள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை புகழோடு வந்தான், அவளுக்கு அரசவையில் பட்டம் வாங்கித் தருவதாகச் சொன்னான். அவள் வாசல் தெளித்த மிச்சத் தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினாள். மூன்றாம் தடவை அவன் வெறுங்கையோடு வந்து, தாயே, உங்கள் வடலியில் ஓலை வெட்டிவிட்டால் நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று மட்டும் கேட்டான். இந்தத் தடவை அவள் தண்ணீரும் ஊற்றவில்லை, கதவையும் சாத்தவில்லை. அவன் அதைக் கண்டுகொண்டு போனான்.

ஓலை வெட்டும் நாள் வந்தது. அரசனும் கிழவனாகியிருந்தான், தொப்பையும் வற்றியிருந்தது. தோப்பில் கூட்டம் கூடியது. தென்னாட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் எழுத்தாணியும் கையுமாக வந்திருந்தார்கள். இருளப்பன் அரிவாளோடு வடலிக்குப் பக்கத்தில் நின்றான்.

சீவலன் தன்னோடு ஒரு கூட்டத்தை அழைத்து வந்திருந்தான். செத்துப்போன புலவர்களின் மனைவிகள், வைத்தியர்களின் பிள்ளைகள். உரிமையை எப்போதோ அவனிடம் விற்றுத் தின்றுவிட்டவர்கள் அவர்கள். அழுவதற்கு அன்றைக்குக் கூலி பேசியிருந்தான். அவர்கள் அழ அழ, சீவலன் பேசினான். பனை அவசரப்பட்டு வளர்ந்துவிட்டதாம். ஏழைகள் வயிற்றில் அடிக்கக் கூடாதாம். இந்த வடலியை வெட்டிப்போட்டுவிட்டு மறுபடியும் ஒரு கொட்டை ஊன்றலாமாம். அது வளர்ந்த பிறகு மறுபடியும் ஒன்றாம்.

அரசன் வேம்பி பக்கம் திரும்பினான்.

"இந்தச் சட்டம் நீ கேட்டு வந்தது. இது உன் பனை. நீ சரி என்றால் மறுபடியும் ஊன்றுகிறேன். உனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் ஊன்றுகிறேன். என்ன சொல்கிறாய்?"

வேம்பி வடலியை அண்ணாந்து பார்த்தாள். அரசன் இரண்டாம் தடவை கேட்டான். அப்போதும் அவள் வடலியையே பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவளுக்குச் சரி என்று சொல்ல ஆசையாக இருந்தது. கால் ஓடவில்லை, கண் மங்கிவிட்டது, மூலிகை நூலைக் கேட்டு வருபவர்கள் சொற்பம், வேறு பிழைப்புத் தெரியாது. இன்னொரு கொட்டை ஊன்றினால் சாகும்வரை வரகு வரும். தன் பங்கைத் தான் வைத்துக்கொள்வதில் என்ன தப்பு என்று அவள் மனசே அவளிடம் வாதாடியது. அது சீவலனின் குரலில் வாதாடுகிறது என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அரசன் மூன்றாம் தடவை கேட்டான்.

வேம்பி இருளப்பனைப் பார்த்தாள்.

"ஓலைய வெட்டுப்பா," என்றாள்.

அரிவாள் விழுந்தது. குருத்தோலை சரிந்து வந்து தரையில் விழுந்தது. ஜனங்கள் ஓடிவந்து அதைப் பிரித்து எடுத்தார்கள். கூலிக்கு அழுதுகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அழுகையை நிறுத்திவிட்டு ஓலைக்கு வரிசையில் நின்றார்கள், அவர்கள் வீட்டிலும் பசி இருந்தது.

சீவலன் அவள் காதருகே வந்தான். இப்போது குரலில் தேன் இல்லை.

"வெட்டிவிட்டாய், சரி. நாளைக்கு என்ன தின்பாய், கிழவி?"

"ஊரு எதத் திங்குதோ அதத்தான் திம்பேன்," என்றாள் வேம்பி. "நான் எழுதினதுதான?"

அந்தக் கோடையில் வரகுநாட்டில் ஒரு துளி மழையில்லை. ஆனால் "பஞ்சந்தாங்கி" எல்லா ஊரிலும் இருந்தது. அவசரத்தில் எழுதிய ஏடுகளில் பிழையும் இருந்தது. ஆனால் ஒருவர் ஏட்டை மற்றவர் ஏட்டோடு வைத்துப் பார்க்க யாருக்கும் தடையில்லை, அதனால் ஓர் ஏட்டில் விட்டுப்போன வரியை அடுத்த ஏடு காட்டிக்கொடுத்தது. ஆலங்குழியில் பேய்வள்ளி வெந்தபோது, பந்தியில் முதல் இலையை வேம்பிக்குப் போட்டார்கள். அவள் பயமில்லாமல் சாப்பிட்டாள்.

இவ்வளவு கேட்டவர்கள் இதையும் கேட்டுவிட்டுப் போங்கள்: நூலை ஆக்கியவருக்கு உரிமை கொடுப்பது அவர் பசியாறி மேலும் ஆக்கி அறிவு நாட்டில் பெருக வேண்டும் என்பதற்காகத்தான், அந்த உரிமைக்கு முடிவே இல்லாமல் செய்தால் அது ஆக்கியவரையும் காக்காது, படிப்பவரையும் காக்காது, பூட்டி வைப்பவனை மட்டும்தான் காக்கும்.